பாதுகாப்பு மேடமும் இரும்புக் குழாயும்

கட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் நாலு பாஷைக்காரர்கள் வேலை செய்தார்கள். அந்த நாலில் ஒன்றுகூடத் தமிழ் கிடையாது. பாதுகாப்பு மேடம் விபத்தில்லாமல் வேலை செய்வது பற்றி ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மட்டும், மொத்தக் கூட்டமும் "புரிஞ்சுது" என்று தலையை ஆட்டும். மறுநாளே ஒருத்தன் ஹெல்மெட்டில் ஆணி அள்ளிக்கொண்டு போவான். மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இனிமே பேச்சே கிடையாது" என்று முடிவுகட்டினார். அவரே வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் செய்வார். தப்பைக் கண்டுபிடிக்கிறவர் இரும்புக் குழாயைத் தட்ட வேண்டும். அதையும் ஜாடையிலேயே சொல்லிக்கொடுத்தார். ஹெல்மெட் இல்லாமல் நடந்தார். டங்! ஈரக் கையோடு சுவிட்சைத் தொடப் போனார். டங் டங்! போன வாரம்தான் சேர்ந்த பூச்சுவேலைக்காரர் எல்லாரையும் முந்திக்கொண்டு தட்டினார். மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதே குஷியில் மத்தியானம் மூன்றாவது மாடிச் சாரத்தில் ஏறினார். கீழே குழாய் அலறியது. எட்டிப் பார்த்தால் பூச்சுவேலைக்காரர்.

"அண்ணே, பாடம் காலையிலேயே முடிஞ்சு போச்சு!" என்று சிரித்தார் மேடம்.

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மேடம் குனிந்து பார்த்தார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டாமல் முழங்காலருகே ஆடிக்கொண்டிருந்தது.

சட்டென்று அதைச் சாரத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டார். கீழே கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பூச்சுவேலைக்காரர் குழாயை வைத்துவிட்டு, மேடம் மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"புரிஞ்சுதா?"

மேடம் தலையை ஆட்டினார்.

"புரிஞ்சுது."