முன்னால் சின்ன வண்டி

…கொஞ்சம் தள்ளி வாங்க மாமா என்று சொல்லிவிடலாம், நாலே வார்த்தை, ஆனால் வாய் வரவில்லை, அக்கா வீட்டுக்காரரிடம் அவர் வண்டி ஓட்டும் லட்சணத்தைப் பற்றிச் சொல்வதும் அவர் மூக்கு கோணல் என்று சொல்வதும் ஒன்றுதான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வீடு போய்ச் சேரும்வரை அக்காதான் அனுபவிப்பாள்… மலை இறக்கம், பகல் மூன்று மணிக்கும் கலையாத பனிமூட்டம், விடாத தூறல், முன்னால் போவது எங்கள் சின்ன கார், ஓட்டுவது என் கணவர், அதன் பின் சீட்டில் அக்காவின் மகள், எட்டு வயது, நாங்கள் வைத்த பெயர் வாயாடி. அதற்குப் பின்னால் மாமாவின் புதுப் பெரிய வண்டியில் நாங்கள், முன் சீட்டில் அக்கா, நடு சீட்டில் நானும் என் மகளும். வாயாடி பின் கண்ணாடி வழியாக எங்களுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுகிறாள், நாக்கு தெரிகிறது, இந்த மூட்டத்திலும் நாக்கு தெரிகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறாரே மனுஷன், அவளும் இப்படித் திரும்பி மண்டியிட்டிருக்கிறாள் என்றால் பெல்ட் எங்கே போட்டிருக்கப் போகிறாள், என் வீட்டுக்காரராவது ஒரு அதட்டல் போடக் கூடாதா, அவருக்குக் குழந்தைகளை அதட்டவே தெரியாது, அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஏற்றிவிட்டேன்.

ஆமாம், யார் எந்த வண்டியில் என்று காலையில் பிரித்தது நான்தான். வரும்போது என் மகள் எங்கள் காரில்தான் வந்தாள், மலை ஏறும்போது வானம் பளிச்சென்று இருந்தது, இன்று விடியும்போதே ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் சீட்டு போட ஆரம்பித்துவிட்டேன். “இவளுக்குச் சின்ன வண்டின்னா வாந்தி வருதுக்கா, உங்க கூட வரட்டும், எனக்கும் முதுகு ஒரே வலி,” என்றேன். கடைசி வரிசை முழுக்கப் பெட்டிகள், நடு சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், வாயாடியும் இதிலேயே ஏறினால் அவர் கூடப் போக மிச்சம் நான்தான், அதனால் அடுத்ததையும் நானே சொல்ல வேண்டியிருந்தது, அவர் தனியா ஓட்டினா தூங்கி வழிவாரு, வாயாடி கூடப் போனா பேசிப் பேசியே முழிக்க வெச்சிடுவா. எவ்வளவு அழகாக வந்தது அந்தப் பொய்! மாமா சிரித்தார், “கூட்டிட்டுப் போகச் சொல்லு, நம்ம காதுக்கு லீவு,” என்றார். அக்கா மட்டும் என்னை ஒரு நொடி பார்த்தாள், பிறகு மகளின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டாள். முழிக்க வைக்க ஆள் வேண்டும் என்றால் பெண்டாட்டி நான் போயிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரராவது கேட்டிருக்கலாம், சாவியைச் சுழற்றிக்கொண்டே போய் ஏறிக்கொண்டார்.

எல்லாம் போன வாரத்து வினை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை, பதினோரு வருஷமாக மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க என்று சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்லும். அன்றைக்கு நேருக்கு நேர் மோதிய இரண்டு வண்டிக்காரர்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். பெரிய வண்டியில் வந்தவர் நடந்தே உள்ளே வந்தார், நெற்றியில் ஒரு கீறல், வண்டி கெட்டிங்க, எனக்கு ஒண்ணும் ஆகல, என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வண்டியில் வந்த பெண்ணிடம் மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன், அவளால் இழுக்க முடியவில்லை, இடது பக்கம் நாலு விலா எலும்பு, படத்தைப் பார்த்துவிட்டு நான் அவளைப் பார்க்கவே இல்லை. அன்று சாயந்திரம் வாசலில் நின்ற எங்கள் காரின் கதவைத் தட்டிப் பார்த்தேன், தகர டப்பா மாதிரி சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் காலையில் பல் தேய்க்கும்போது என் காதில் கேட்டது, இல்லாவிட்டால் நான் அப்படிப்பட்டவளா… அப்படிப்பட்டவள்தான் போலிருக்கிறது.

வளைவு. டயர் லேசாக வழுக்கியது, மாமா ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார். “பயப்படாதீங்க, ரெண்டு டன் இது. எவன் வந்து மோதினாலும் நசுங்குறது அவன்தான், நமக்கு ஒரு கீறல் விழாது.” அக்காவின் கண் முன் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. எவன்? எந்த எவன் மாமா? அரை மணி நேரமாக எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை, மூட்டத்துக்குப் பயந்து எல்லாரும் எங்கேயோ நிறுத்திவிட்டார்கள், இந்தப் பாதையில் நாம் மோதக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் மகளோடு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, அடக் கடவுளே, லாரி வரும், பஸ் வரும் என்று காலையிலிருந்து எதை எதையோ நினைத்துப் பயந்தேனே, அந்தக் குழந்தைக்குப் பின்னாலேயே ரெண்டு டன் நாம்தானே வந்துகொண்டிருக்கிறோம். இப்போதாவது சொல். நாலு வார்த்தை. மகள் என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள், அவள் பெல்ட்டை மட்டும் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது.

சிவப்பு விளக்கு. முன் வண்டியின் இரண்டு சிவப்பு விளக்கும் ஒரேயடியாக எரிந்தன, அங்கே ரோட்டில் பாறை சரிந்து கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும், அப்போது தெரிந்தது விளக்கும் வாயாடியின் முகமும்தான், முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, மாமா காலை ஊன்றினார், வண்டி நிற்கவில்லை, கீழே ஏதோ தடதடவென்று அடித்தது, சறுக்கிக்கொண்டே போகிறோம், அக்கா மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், வாயாடி இல்லை, நிஜப் பெயர், நாங்கள் யாரும் கூப்பிடாத அந்தப் பெயர், நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் மகளை அணைத்தேன், அப்போது எனக்குள் ஒரு குரல், நிதானமாக, நமக்கு ஒண்ணும் ஆகாது, என்றது.

நின்றுவிட்டது. நடுவில் ஒரு சாண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எங்கள் வண்டியின் மூக்குக்கு மேலே அவள் தலைமயிர் மட்டும் தெரிந்தது. மாமா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முன்னால் என் கணவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார், நனைந்துகொண்டே எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார், பாவம், சிரிக்க வேறு செய்தார். என் மகள் எழுந்து உட்கார்ந்தாள், முகம் வெளிறியிருந்தது, அம்மா என்றாள், அவ்வளவுதான், புது சீட்டெல்லாம் வாந்தி. நான் துப்பட்டாவால் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா திரும்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், அவள் கேட்டது ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி.

“சின்ன வண்டின்னாதானே இவளுக்கு வரும்னு சொன்னே?”

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்தாள், இறங்கினாள், தூறலில் நடந்துபோய்ச் சின்ன வண்டியின் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். மகளைத் திருப்பி உட்கார வைப்பதும் பெல்ட்டை இழுத்து மாட்டுவதும் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தன. பாறையைச் சுற்றிக்கொண்டு அந்த வண்டி மெதுவாக நகர்ந்தது, பின் கண்ணாடியில் இப்போது இரண்டு பின்னந்தலைகள், நாக்கு இல்லை. மாமா கியரைப் போட்டார்.

“கொஞ்சம் தள்ளி வாங்க மாமா,” என்றேன்.

“சரிம்மா,” என்றார், கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தள்ளி வந்திருப்பேனே.” முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, ஒன்றும் இல்லை, காலை எடுத்தார், அவ்வளவுதான், இடைவெளி பெருகியது, அந்தச் சின்ன வண்டி மூட்டத்துக்குள் சிறுத்துக்கொண்டே போனது… அப்படியென்றால் இத்தனை வளைவுகளிலும் என் வாயை அடைத்து வைத்திருந்தது அவருடைய கோபம் இல்லையா, பின்னே எது…