கரி பிடித்த பிளக்

காற்று மாறியதை உலீப்பிகாவின் கன்னம்தான் முதலில் கண்டுபிடித்தது. காலையில் கடலிலிருந்து முகத்தில் அடித்த காற்று, இப்போது கரையிலிருந்து முதுகைத் தள்ளியது. உறைந்த கடலின் விளிம்பில் வேட்டைக்கு நிற்பவர்களுக்கு இதைவிடக் கெட்ட சேதி கிடையாது. கரைக்காற்று வலுத்தால் விளிம்புப் பனி பாளமாக விண்டு, மேலே நிற்கிற ஆளையும் சேர்த்துக்கொண்டு திறந்த கடலுக்குப் போய்விடும்.

"அப்பா, போதும். கடல்நாயத் தூக்கிச் சறுக்குவண்டியில கட்டுங்க, கிளம்பலாம்."

அவள் அப்பா என்று அழைத்த ஜெய்ப்பீட்டிக்கு மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. அவளுடைய அண்ணன் மகன் அவன். முப்பத்தைந்தை எட்டியவள் ஒரு இளவட்டத்தை அப்பா என்று கூப்பிடுவது அவர்கள் ஊரில் யாருக்கும் வேடிக்கை இல்லை. அவளைப் பெற்ற ஜெய்ப்பீட்டி இதே விளிம்பில்தான் போனார். அடுத்த வசந்தத்தில் அண்ணனுக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு அவள் 'நீங்க' போட்டாள். பயலும் லேசுப்பட்டவன் இல்லை. நடக்கப் பழகும் முன்பே அவளை அதட்டப் பழகிவிட்டான்.

"பொறு மகளே. காத்துக்குப் பயந்தா கறி கிடைக்குமா?"

"கறி கிடைச்சாச்சு. திங்க ஆளு வேணும்ல?"

கட்டினார்கள். பனிவண்டி ஒரே இழுப்பில் உயிர் பெற்றது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்; இரண்டு சிலிண்டர், காற்றில் ஆறுவது. அதன் இருமல் தும்மல் எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் கட்டைவிரலால் விசையை அழுத்தியதும் இன்று அது வேறு பாஷை பேசியது. தொண்டையில் எதையோ அடைத்துக்கொண்டதுபோல் குளறி, புகையைக் கக்கி, அடங்கியது. விசையை விட்டால் ஓடுகிறது, கொடுத்தால் சாகிறது. ஆமை வேகத்தில் ஊர்ந்து, வழியில் பனியில் ஓடிய ஒரு விரிசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

காலையில் அந்த விரிசலை அவர்கள் கவனிக்கக்கூட இல்லை. இப்போது அது கறுத்த தண்ணீராக, இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீண்டு கிடந்தது. ஜெய்ப்பீட்டி குப்புறப் படுத்து ஈட்டியை நீட்டினான். நுனி எதிர்க்கரையைத் தொட்டது.

"முழு வேகத்துல விட்டா தண்ணி மேலயே தாண்டிரலாம்," என்றான்.

"முழு வேகத்துக்கு எங்க போறது? பாதி வேகத்துக்கே மூச்சு வாங்குது."

அவன் ரேடியோவில் ஊரைக் கூப்பிட்டான். ஆட்கள் புறப்படுகிறார்கள், ஆனால் படகோடு வந்து சேர அரை நாளாகும் என்றார்கள். அரை நாளில் இந்தப் பாளம் எங்கே இருக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

உலீப்பிகா எஞ்சின் மூடியைத் திறந்து, சூடாக இருந்த பிளக்குகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்து பளபளத்தன.

"பெட்ரோல்ல தண்ணி," என்றான் அவன், எட்டிக்கூடப் பார்க்காமல். "நான் அப்பவே நினைச்சேன்."

"அப்பவே நினைச்சவரு அப்பவே சொல்றதுக்கு என்ன?"

தண்ணீரைக் கரைக்கும் ஸ்பிரிட்டை டாங்கியில் ஊற்றி, புது பிளக் மாட்டிக் கயிற்றை இழுத்தார்கள். எஞ்சின் ஒரு நொடி நன்றாகச் சீறியது. அவள் நெஞ்சு லேசாவதற்குள் மறுபடியும் அதே குளறல், அதே புகை.

அவள் மூடியருகே மண்டியிட்டு யோசித்தாள். காற்று காதுக்குள் ஊளையிட்டது. தண்ணீர் கலந்திருந்தால் எஞ்சின் பட்டினியில் திணறும். பிளக் இப்படிக் கறுக்காது. இது பட்டினி இல்லை, அஜீரணம். பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது காற்று குறைவாகப் போகிறது. காற்றை அடைக்கும் சோக்கைத் தடவினாள், சரியாக இறங்கியிருந்தது. கார்புரேட்டர் வழிகிறதா? இருப்பவை இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் பேசிவைத்துக்கொண்டு சதி செய்யாது.

"பெட்ரோல்ல எண்ணெய் எவ்வளவு கலந்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் முகம் மாறியது. "எப்பவும் கலக்குற அளவுதான். ஏன், என்மேல சந்தேகமா?"

"கேட்டா சந்தேகமா?"

"அப்பாகிட்ட இப்படியா கேப்பாங்க?"

அப்பாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எதிர்த்துப் பேசும் வயது வந்தபோது அப்பா இல்லை. தேடப் போன விமானத்திலிருந்து பார்த்தவர்கள் ஊருக்கு வந்து சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது. மிதந்துபோகிற ஒரு பாளம், அதில் மூடி திறந்து நின்ற பனிவண்டி. பக்கத்தில் ஆள் இல்லை. அந்த வண்டிக்கு என்ன கோளாறு என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரே அப்பாவை இரண்டாம் தடவையும் இந்தக் கடலுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஜெய்ப்பீட்டி மறுபடி ஈட்டியை நீட்டினான். இந்த முறை நுனி வெறும் தண்ணீரில் விழுந்தது. அவன் எழுந்து வந்து இடுப்பில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"நீந்திப் போயி அந்தப் பக்கம் கயித்தக் கட்டுறேன். நீ கயித்தப் பிடிச்சிட்டு வந்துரு. நாலு கை வீசினாப் போதும்."

"ரெண்டாவது வீச்சுல கை விறைச்சுப்போகும்."

"போனாத்தான் என்ன? யாராவது புள்ள பெத்தா என் பேர வைங்க. திரும்பி வர்றேன்." சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"டேய்! கயித்த அவுத்துப் போட்டுட்டு வந்து எஞ்சின ரேஸ் பண்ணுடா!"

இருவருமே திடுக்கிட்டார்கள். அவன் பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து கேட்டறியாத 'டேய்'. அவன் கயிற்றை அவிழ்த்துப் போட்டான், வந்து விசையைப் பிடித்தான்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையைக் காற்றுப்பெட்டியின் வாய்க்குக் கொண்டுபோனாள். டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத மூலையில் அது இருந்தது. எஞ்சினுக்கு வேண்டிய காற்றெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் போகவேண்டும். ஓடும்போது உள்ளங்கையை வைத்தால் கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சவேண்டும்.

"குடு!"

எஞ்சின் குளறியது. உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை.

"இன்னும்!"

ஒன்றுமில்லை. காற்றே போகவில்லை.

"நிறுத்து. உள்ள ஏதோ அடைச்சிருக்கு."

விரலை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், இதுவோ முஷ்டி அகலத் துவாரம். பெட்டியைப் பிடித்திருந்த ரப்பர் பட்டிகளை ஜெய்ப்பீட்டி கத்தியால் அறுத்தான். அவள் பெட்டியைப் பிடுங்கித் திருப்பி, இரண்டு விரலால் எதையோ கவ்வி இழுத்தாள். சாம்பல் நிறக் கம்பளி, ஈரமாக, பெட்ரோல் வாடையோடு, நீளமாக வந்தது.

காலுறை.

அவள் மூடியின் உட்புறத்தைப் பார்த்தாள். புகைக்குழாய்க்கு மேலே, கம்பியில், அதன் ஜோடி சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று அவன் நனைத்துவிட்டு வந்த காலுறைகள். காலையில், அவன் தூக்கம் கலையும் முன், எஞ்சின் சூட்டில் காயட்டும் என்று அவள்தான் அங்கே மாட்டினாள். ஊரில் எல்லாரும் செய்வதுதான். மேடுபள்ளப் பனியில் வண்டி குலுங்கியதில் ஒன்று நழுவியிருக்கிறது. எஞ்சின் அதை உறிஞ்சிக்கொண்டது. எண்ணெய் எவ்வளவு கலந்தீர்கள் என்று கேட்டாளே, அந்த வாயை என்ன செய்வது!

அடுத்து வந்தது வேறொரு நினைப்பு. பதினாறு வயதுவரை அப்பாவின் காலுறைகளையும் அவள்தான் காயப்போடுவாள். இதே மாதிரி, மூடிக்குள்.

"மகளே," என்றான் ஜெய்ப்பீட்டி. "அப்புறம் யோசி. தண்ணி அகலமாகுது."

பெட்டியைக் கயிற்றால் கட்டினார்கள். கைவசம் இருந்த கடைசி ஜோடி பிளக்கை மாட்டினார்கள். சறுக்குவண்டியை, அதில் கட்டிய கடல்நாயோடு அவன் கழற்றிவிட்டான். அதைப் பார்த்து வருத்தப்பட நேரமில்லை. அவள் ஓட்ட, அவன் பின்னால் ஏறி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். விரிசலுக்கு முதுகைக் காட்டித் தூரமாகப் போய் வண்டியைத் திருப்பினாள்.

"விரல எடுக்காத," என்றான். "நடுவுல விரல எடுத்தா ரெண்டு பேரும் காலி."

அவள் அழுத்தினாள். எஞ்சின் அலறியது. எத்தனையோ வருஷமாக அவள் திட்டித் தீர்த்த அந்த அலறல் இப்போது அமிர்தமாக இருந்தது. பனி பின்னால் ஓடியது, விளிம்பு வந்தது, கீழே எதுவும் இல்லாமல் போனது. வண்டி தண்ணீரில் தட்டி எழும்பியது, பின்பாகம் அமிழ்ந்தது, குளிர்ந்த நீர் அவள் முதுகுவரை அடித்தது. விரலை எடுக்கவில்லை. முன் சறுக்குகள் எதிர் விளிம்பில் ஏறி, ஒரு கணம் அப்படியே தொங்கி, பிறகு வண்டியின் அடியில் சுழலும் ரப்பர் பட்டை பனியைக் கவ்வி இழுத்துக்கொண்டுபோனது.

கரையோடு ஒட்டிய பனிக்கு வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியும் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. அங்கியின் மார்புக்குள் திணித்திருந்த காலுறையை எடுத்து வெறித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கும் நான்தான்," என்றாள்.

"என்னைக்கு?"

"அப்பா போன அன்னைக்கு. மாட்டினேனா இல்லையான்னு ஞாபகமே வரமாட்டேங்குது. தினமும் மாட்டுவேன். அவரு மூடியத் திறந்து போட்டுட்டு என்னத்தத் தேடினாரோ... நான் வச்சதுதானோ என்னவோ."

அவள் அழுதாள். கண்ணீர் இமையிலேயே உறைய ஆரம்பித்தது. ஜெய்ப்பீட்டி இறங்கித் தலையைச் சொறிந்தான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிறுத்துப்போய்க்கொண்டிருந்த சறுக்குவண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளுக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"மகளே, இங்க பாரு. அன்னைக்கு என் காலுறை என் கால்லதான் இருந்துச்சு. ரெண்டும்."

அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கால் எனக்குத் தெரியாதா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து, அவனுக்கு முன்னால் இடம் விட்டாள்.

"நீங்க ஓட்டுங்கப்பா," என்றாள்.