புது என்ஜினுக்குத் துரு

ஞாயிற்றுக்கிழமை மகள் ரஷ்மியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் தாமோதரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு சாண் நீள பொம்மை டீசல் என்ஜினுக்கு மெல்லிய பிரஷால் துரு பூசிக்கொண்டிருந்தார்.

பெங்களூரிலிருந்து பெட்டியில் வந்தபோது அது பளபளவென்று இருந்தது. மனைவி ராதிகாவுக்கே பிடித்துப்போனது. அன்றிலிருந்து அதைப் பாழாக்குவதே அவருக்கு வேலை. சக்கரத்துக்குப் புழுதி, கூரைக்குக் கரி, பக்கவாட்டில் எண்ணெய் வழிந்த கறை. நிஜ என்ஜின் அப்படித்தான் இருக்குமாம். வீட்டின் இரும்புக் கதவோ நிஜமாகவே துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. பொங்கலிலிருந்து சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“இன்னாங்க, கதவ சொரண்டி பெயின்ட் அடிக்க நேரமில்ல. புது என்ஜினுக்கு துரு பூசினு குந்திகினு கீறீங்க!”

“அடிச்சிடலாம். இத முடிக்கற வரைக்கும் கதவத் தொடாத ராதிகா. அதப் பாத்துதான் கலர் கலக்கறேன்.”

அவளுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை அவர் ஃபேக்டரிக்குப் போனதும் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சை பெயின்டும் உப்புத்தாளும் வாங்கிவந்தாள். தோள்பட்டை கழன்றுவிழும்வரை தேய்த்து, தானே அடித்து முடித்தாள். சாயங்காலம் வந்த மனுஷன் கதவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

“ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமில்ல?”

“நாளைக்கு வராங்கங்க!”

சாப்பிட்டுவிட்டு மறுபடி பிரஷை எடுத்தார். இனி ஞாபகத்திலிருந்துதான் போட வேண்டும் என்று முணுமுணுத்தார்.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டதில் பெயின்ட் காயவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பெருமாள் மறுநாள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அவருடைய உள்ளங்கை முழுக்கப் பச்சை. சமையலறையில் ரஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். ராதிகாவுக்கு அழுகை முட்டியது.

தாமோதரன் பதறவில்லை. தன் டப்பாவிலிருந்து தின்னரும் பஞ்சும் எடுத்துவந்து, பெருமாளின் கையை மடியில் வைத்து, ரேகை ரேகையாகத் துடைத்தார். சோப்பும் தண்ணீரும் அவரே கொண்டுவந்தார். சம்பந்தியாக வரப்போகிறவர் கூச்சத்தில் நெளிந்து, பிறகு சிரித்துவிட்டார். ‘இந்தப் பொறுமையில் கால்வாசி கதவுக்குக் காட்டியிருந்தால்?’ என்று ராதிகா பல்லைக் கடித்தாள்.

காபி குடிக்கும்போது பெருமாள் மேசைமேலிருந்த என்ஜினைப் பார்த்தார்.

“இன்னா தாமோதரன், இவ்ளோ பழசாயிட்ச்சி? புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே?”

“புதுசுதாங்க அது,” என்றாள் ராதிகா வெடுக்கென்று. “துரு அவரே கையால போட்டது.”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தாமோதரனும்தான். அவள் தட்டிலிருந்த முறுக்கை நேராக அடுக்கத் தொடங்கினாள்.

பெருமாளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்ஜினைக் கையில் எடுத்து, அதன் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ராதிகா முறுக்கு அடுக்குவதை நிறுத்தினாள். அவர் விரலை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு பொட்டுத் துருகூட ஒட்டவில்லை.