இரண்டு பேர் திருத்திய மோட்டார்

நானும் என் நாத்தனாரும் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்த வாரத்தில் என் கணவருக்கு உடம்பே இளைத்துவிட்டது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உங்க தங்கச்சிய உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பேன் நான். "அண்ணா, உப்புக்குக் கால் கிடையாது, கைய நீட்டி எடுத்துக்கணும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்பாள் அவள். அவர் பாவம், உப்பைத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

சண்டை ட்ரோனால் வந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து பந்தயத்தில் விடும் ட்ரோன் அது. நாலு மோட்டார், நாலு இறக்கை. அவள் பஸ் டிரைவர், அதனால் ஓட்டுவது அவள். நான் பல்செட் செய்கிறவள், நுணுக்க வேலை கைவந்தது, அதனால் பழுதுபார்ப்பது நான். அந்த வாரத்துக்கு முந்தின ஞாயிறு பயிற்சியில் அதைக் கொண்டுபோய் ஓர் இரும்புக் கம்பத்தில் மோதினாள். மோதியதோடு விட்டாளா? மைதானத்தில் எல்லார் முன்னாலும், "பேரிங் கரகரன்னு கத்துது, எப்படித் திரும்பும்? பல்லு கட்டற கைக்கு இவ்வளவுதான் வரும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "பஸ்ஸ ஓட்டற மாதிரி இதையும் ஓட்டினா கம்பத்துலதான் போய் நிக்கும்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அத்தோடு பேச்சு நின்றது.

நாலு நாள் முறைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் சிரிப்பது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை அவளுக்கு மாற்றல் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம், மறுநாள் அவள் வேறு ஊர் டிப்போவில் இருக்க வேண்டும். பேசாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்தேன். வலியப் போய்ப் பேசலாம்தான். என் வாய்க்கு அது லேசில் வராது. அதனால் ட்ரோனை எடுத்துப் பிரித்தேன்.

இரண்டு மோட்டாருக்கு அச்சு வளைந்திருந்தது, புதிது போட்டே ஆகவேண்டும். மற்ற இரண்டுக்கும் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கை மாற்றினால் போதும். அச்சின் அடியில் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு கிளிப் இருக்கும். கழற்றும்போது விரலால் பொத்திக்கொள்ளாவிட்டால் தெறித்துவிடும், பிறகு வீடு முழுக்கத் தவழ்ந்து தேட வேண்டியதுதான். பொத்திக்கொண்டு கழற்றி, மேல் மூடியை இழுத்தேன். காந்தம் விடமாட்டேன் என்று அடம்பிடித்துப் பிறகு வந்தது. உள்ளே மீசை முளைத்த மாதிரி இரும்புத்தூள். பழைய பேரிங்கை விரல் நுனியில் சுற்றினால் மணல் அரைபட்டது. அவள் சொன்னது நிஜம்தான், கத்தித்தான் இருக்கிறது. எனக்கு எரிச்சல் இன்னும் கூடிற்று.

புதிய பேரிங்கை வெளிவளையத்தில் மட்டும் அழுத்தி, கோணாமல் உள்ளே இறக்கினேன். மூடியை மாட்டித் தட்டிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட வேண்டியவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் புது மோட்டார்களின் ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்து, இறக்கை போடாமல் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மோட்டார் ஒரு திசையிலும் இரண்டு எதிர்த்திசையிலும் சுற்ற வேண்டும். பின்னால் இடது பக்கம் இருந்தது தப்பாகச் சுற்றியது. பெரிய விஷயமில்லை. அதன் மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் பற்றவைத்தால் திசை திரும்பிவிடும். வேலைக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே மேஜையில் விட்டுப் போனேன். சாயங்காலம் வந்து ஒயரை மாற்றினேன். திரும்ப ஓட்டிப் பார்க்கவில்லை. தெரிந்த வேலைக்குப் பரீட்சை வேறா என்ற திமிர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவள் முதல் சுற்றுக்கு நின்றாள். ட்ரோனின் கேமரா பார்ப்பதைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். விசில் ஊதியதும் மற்ற ட்ரோன்கள் எல்லாம் ஜிவ்வென்று கிளம்பின. எங்களுடையது இடது பக்கம் சாய்ந்து, குட்டிக்கரணம் போட்டு, புல்லைப் பிடுங்கிக்கொண்டு மல்லாந்தது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் கண்ணாடியைக் கழற்றி அண்ணனைத் தேடினாள். அவர் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். நடுவில் ஆளில்லை.

"அந்த மோட்டார் தப்பா சுத்துது" என்றாள் ட்ரோனைப் பார்த்து.

"சுத்தாது. நான் ஒயர மாத்திட்டேன்" என்றேன் நானும் ட்ரோனைப் பார்த்து.

சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஒயர மாத்தினீங்களா? எப்ப?"

"வியாழக்கிழமை சாயங்காலம். ஏன்?"

"அன்னிக்கு மத்தியானமே ஓட்டிப் பாத்துட்டு, லேப்டாப்ல இணைச்சு நான் திசைய மாத்திட்டேனே அண்ணி."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் திருப்பியதை நான் மறுபடி திருப்பியிருக்கிறேன். "சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றேன்.

"யார்கிட்ட சொல்றது? நீங்கதான் மூஞ்சிய தூக்கி வச்சிட்டிருந்தீங்களே."

"நீ மட்டும் என்ன, கதவத் தொறந்து வச்சிருந்தியா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். புல்தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அடுத்த சுற்றுக்குள் சரிசெய்யச் சொன்னார் நடுவர். நான் பற்றவைக்கும் கோலை எடுக்க, அவள் லேப்டாப்பைத் திறக்க, மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் திருத்தப் பார்த்தோம். "நீங்க எதையும் தொடாதீங்க" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லேப்டாப்பில் திசையை மாற்றி, ஓட்டிப் பார்த்து, உடைந்த இறக்கையையும் மாற்றினோம்.

இரண்டாம் சுற்றில் அது கத்தி மாதிரி திரும்பியது. சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு, கம்பத்துக்குக் கம்பம். அவள் ஓட்டிய அழகைப் பார்க்க எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. இரண்டாவதாக வந்தோம்.

"பேரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு அண்ணி" என்றாள், கண்ணாடியைக் கழற்றாமலே. பிறகு, "அந்த ஊருல போய் எதுலயாவது இடிச்சா யார் மாத்துவா?" என்றாள்.

"வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஒடஞ்சா எடுத்துட்டு நேரா இங்க வா."

"ஒடையலைன்னா வரக்கூடாதா?"

"வா. நானே ஒடச்சுக்கறேன்" என்றேன்.