ஏழாவது விதிக்கு மட்டும் உயிர்

ஏழு மணியிலிருந்தே செயலாளரின் மனைவி கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். ஏழு பன்னிரண்டுக்குச் சமையல்காரம்மா உள்ளே வந்தாள். வந்தவள் அடுப்பைப் பார்க்காமல், சமையலறைத் தரையில் சரிந்து உட்கார்ந்து, வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்துட்டியா? ரொம்ப நல்லாயிருக்கு. ஐயாவுக்குச் சர்க்கரை. எட்டு மணிக்குள்ள சாப்பிடலைன்னா கை நடுங்கும்னு தெரியும்ல?"

"ரெண்டே நிமிஷம்மா. கால் மடங்க மாட்டேங்குது."

"எனக்கும்தான் கால் வலிக்குது. நான் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கிட்டா இருக்கேன்?"

அந்த அம்மாளின் கால்வலி லிப்ட்டில் ஏறி லிப்ட்டில் இறங்குகிற கால்வலி. சமையல்காரம்மாவின் கால்வலி ஒன்பது மாடிப் படி ஏறி வந்திருந்தது. நூற்றறுபத்திரண்டு படிகள். மூன்று வருஷமாகத் தினமும் எண்ணுகிறவளுக்கு அது தெரியும்.

"அம்மா, டாக்டர் படியே ஏறக் கூடாதுன்னுட்டாரு. இன்னும் ரெண்டு மாசம் இப்படி ஏறினா கால் அப்படியே நின்னுடுமாம். ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி, லிப்ட்டுல..."

வரவேற்பறையிலிருந்து செயலாளரின் குரல் வந்தது. அவர் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்புகளை நகர்த்தி ஓய்வு பெற்றவர்.

"நானா சட்டம் போட்டேன்? அரசாங்க உத்தரவும்மா. என் கையில என்ன இருக்கு?"

அவர் கையில் டி.வி. ரிமோட் இருந்தது.

சட்டத்தை அவர் போடவில்லைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊரே மூக்கை மூடிக்கொண்டு நடந்த நாட்களில், நகராட்சி ஆணையர் அவசரநிலை அதிகாரத்தின் பேரில் ஓர் உத்தரவு போட்டார். பன்னிரண்டு விதிகள். 'மறு உத்தரவு வரும் வரை' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார். நோய் போயிற்று, ஆணையரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மறு உத்தரவு போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

முகக்கவசம் போடச் சொன்ன முதல் விதி, முகக்கவசங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. வாசலில் கை கழுவச் சொன்ன நாலாவது விதிக்காக வைத்த தொட்டியில் இப்போது குடைகள் நிற்கின்றன. அறுபது தாண்டியவர்கள் வெளியே வரக் கூடாது என்ற இரண்டாவது விதியை, அறுபது தாண்டியவர்கள் கூட்டமாகப் பூங்காவில் உட்கார்ந்து மறந்தார்கள். மிச்சமும் அப்படியே ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. ஏழாவது விதிக்கு மட்டும் உயிர் கெட்டியாக இருந்தது. அதைப் பெரிய எழுத்தில் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லிப்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்: 'வேலையாட்களும் வெளியாட்களும் லிப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது.'

அதனால் எரிவாயு சிலிண்டர் லிப்ட்டில் ஏறும். சிலிண்டரைத் தூக்கி வந்தவன் படியேறுவான். காய்கறிப் பையைச் சமையல்காரம்மா லிப்ட்டுக்குள் வைத்து, கையை மட்டும் நீட்டி ஒன்பதை அமுக்கிவிட்டு, பையைப் பிடிக்க மாடிக்கு மூச்சு வாங்க ஓடுவாள். வெண்டைக்காயிடம் கிருமி இல்லை என்பதில் சங்கத்துக்குச் சந்தேகமே கிடையாது. அவள் பிசைந்த மாவிலும் நறுக்கிய காயிலும்கூடக் கிருமி இல்லை. லிப்ட்டுக்குள் நிற்கும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து அவள் மேல் ஒட்டிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளுடைய மகள் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரியை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் அவள். சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"வேலைய விட்டுடும்மா."

"விட்டுட்டு? அந்தத் தெருவுல பதினோரு கட்டடம். பதினொண்ணுலயும் அதே போர்டுதான்டி தொங்குது."

"நகராட்சிக்கு மூணு கடுதாசி எழுதிட்டேன். ஒரு பதில் இல்ல. அப்ப கேஸ்தான்."

"யாரு மேல?"

"நகராட்சி மேல. சங்கத்து மேல. உன் ஐயா மேல."

சமையல்காரம்மா காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தாள். "அவருக்குச் சர்க்கரை இருக்கேடி. கோர்ட்டுக்குப் போற அன்னிக்கு யாரு சமைக்கிறது?"

"நீதான். வேற யாரு?"

"தேய், தேய். கோவத்தைத் தைலத்துல காட்டாத, எரியுது."

மனு போன மறுநாள் செயலாளரின் மனைவி, "பன்னெண்டு வருஷம் சோறு போட்ட வீட்டு மேலயே கேஸா?" என்று கேட்டாள். அந்தப் பன்னிரண்டு வருஷமும் சோற்றை ஆக்கிப் போட்டது யார் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததில்லை. உடனே வேறு ஆள் தேடினாள். மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி வாசலிலேயே, "லிப்ட்டு உண்டாம்மா?" என்று கேட்டுத் திரும்பிப் போனாள். ஒருத்தி பாதி வழியில் உட்கார்ந்து, அங்கிருந்தே போன் போட்டு, வரவில்லை என்றாள். மூன்றாமவள் ஒன்பதாவது மாடி வரை வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, "நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டு இறங்கினாள். எனவே கேஸ் போட்டவளே எதிராளிக்குத் தொடர்ந்து சமைத்தாள்.

விசாரணை அன்று காலை செயலாளர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அவர் காரில் போனார். அவள் பாத்திரம் கழுவிவிட்டு, படியிறங்கி, பஸ் பிடித்து, கால் மணி நேரம் தாமதமாக நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் போய் நின்றாள்.

அரசு வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். அவசரநிலை அதிகாரம், பொதுச் சுகாதாரம், நிபுணர்கள், நீதிமன்றம் தலையிடலாகாது.

"நோய் இப்போ எங்க இருக்கு?" என்றார் நீதிபதி.

"இப்போ இல்லைங்க. ஆனா வரலாம்."

"எப்போ?"

"அதை நோய்தாங்க முடிவு பண்ணணும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு செயலாளரின் பதில் மனுவை எடுத்தார். ஏழாவது விதியைப் பற்றி நாலு வரி போதும் என்று செயலாளரின் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். செயலாளர் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷமாகக் குறிப்பு எழுதிய கை, வக்கீலின் நாலு வரியைப் பதினோரு பக்கமாக்கியது. அந்த முப்பத்து நாலு வருஷத்தில் அவர் எழுதியதை யாரும் கடைசி வரை படித்ததில்லை என்பதால், கடைசிப் பக்கத்தில் எதை எழுதினாலும் ஆபத்தில்லை என்று அவர் நம்பியிருந்தார். நீதிபதி கடைசிப் பக்கத்தைப் படித்தார், அதுவும் சத்தமாக.

"'எங்கள் குடியிருப்பில் எவர் மீதும் பாகுபாடு இல்லை. மேற்படி உத்தரவின் பன்னிரண்டு விதிகளையும் இன்றுவரை ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றி வருகிறோம் என்று சத்தியம் செய்கிறேன்.' இது நீங்க எழுதினதுதானா?"

"நானேதாங்க," என்று எழுந்தார் செயலாளர். முகம் மலர்ந்திருந்தது. வக்கீல் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்ததை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மகள் சமத்துவம் பற்றி ஒன்பது பக்கம் தயார் செய்து வந்திருந்தாள். இரண்டு ராத்திரி தூங்காமல் எழுதியது. அதை அப்படியே மூடி வைத்தாள்.

"ஐயா, எங்க கோரிக்கைய மாத்திக்கிறோம். உத்தரவை ரத்து பண்ண வேண்டாம். அவங்க சத்தியம் பண்ணின மாதிரியே பன்னெண்டு விதியையும் முழுசா நடத்தச் சொன்னா போதும்."

கடைசி வரிசையில் தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தாள்.

"எதிர்த் தரப்புக்கு ஆட்சேபனை உண்டா?"

"இல்லவே இல்லைங்க!" என்றார் செயலாளர், தன் வக்கீல் வாயைத் திறப்பதற்குள்.

பன்னிரண்டு விதிகளையும் உடனே நடைமுறைப்படுத்தி, திங்கட்கிழமை அறிக்கை தர வேண்டும் என்று சுகாதார ஆய்வாளருக்கு உத்தரவானது. செயலாளர் மனைவிக்குப் போன் போட்டார். "ஜெயிச்சுட்டோம்!"

வெள்ளிக்கிழமை காலை சுகாதார ஆய்வாளர் வந்தாள். கையில் உத்தரவின் நகல், கூடவே பூட்டு. கீழ்த்தளத்துக் கூடத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் மகனுக்குக் கல்யாணம்.

"உங்க வயசு என்ன சார்?"

"அறுபத்தி மூணு. ஏன்?"

"அப்ப ஏன் வெளிய நிக்கிறீங்க? ரெண்டாவது விதி. வீட்டுக்குள்ள போங்க."

"என்னம்மா விளையாடறீங்களா? ஞாயித்துக்கிழமை நானூறு பேர் வராங்க."

"பத்து பேர். ஒன்பதாவது விதி."

"பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டுத்தானே?"

"சேர்த்துதான் சார். பொண்ணுக்கு எந்த ஊரு?"

சொன்னார்.

"வெளியூரா? அப்ப பதினோராவது விதி. பதினாலு நாள் தனி அறை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய வெச்சுட்டு நகர்ந்துடணும்."

"கல்யாணத்துக்கு அப்புறமா?" என்று மாப்பிள்ளை முதல் முறையாக வாய் திறந்தான்.

"தாலி கட்டினதும் நேரா அறைக்கு. அவங்க மட்டும்," என்றாள் ஆய்வாளர், சிரிக்காமல். கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். "நீங்கதானே சார் சத்தியம் பண்ணினீங்க? நான் என் வேலையத்தான் பாக்கறேன்."

அன்று மத்தியானம், ஆய்வாளரின் பூட்டைப் பார்த்து, அந்தத் தெருவில் பதினோரு சங்கங்களும் விழித்துக்கொண்டன. செயலாளர் தன்னோடு வேலை பார்த்தவருக்கு, அவருக்கு மேலே வேலை பார்த்தவருக்கு, மேலே இருந்தவரின் மைத்துனருக்கு என்று வரிசையாகப் போன் போட்டார். அவசரநிலை என்றால் என்னவென்று நகராட்சிக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருஷமும் மூன்று கடிதமும் அசைக்காத ஆணையர் அலுவலகம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் மறு உத்தரவு போட்டுவிட்டது: 'பொதுமக்களின் நலன் கருதி, மேற்படி உத்தரவு முழுவதுமாக ரத்து செய்யப்படுகிறது.' பொதுமக்கள் ஒன்பதாவது மாடியில் பெருமூச்சு விட்டு, திறந்த கூடத்தைப் பார்க்கக் கீழே இறங்கி வந்தார்கள்.

பதினோரு மணிக்குக் காவலாளி லிப்ட்டுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். செயலாளரின் மனைவி கடைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கல்யாணச் சாமான் பைகள் நாலையும் சமையல்காரம்மா சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். லிப்ட் திறந்தது. சமையல்காரம்மா பைகளை உள்ளே வைத்தாள். கொஞ்சம் தயங்கி, தானும் உள்ளே போய் நின்றாள்.

செயலாளரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கம்மா. எடம் இருக்கு. எட்டுப் பேர் போகலாம்னு எழுதியிருக்கு."

"நீ போ. நான் அடுத்ததுல வரேன்."

"ஒரே லிப்ட்டுதானேம்மா?"

"போன்னு சொல்றேன்ல!"

கதவு மூடிக்கொண்டது. லிப்ட் ஒன்பதுக்குப் போய், காலியாகக் கீழே வந்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. செயலாளரின் மனைவி அதன் தரையைப் பார்த்தாள். பட்டனைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, உள்ள ஒரு தடவை துடைச்சு விடேன்."

காவலாளி சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினான். "தாராளமா துடைக்கலாம்மா. ஆனா துடைக்கணும்னா நான் உள்ள போகணும். நானும் வேலையாள்தானே? அப்புறம் நான் நின்ன எடத்தை யாரு துடைக்கிறது?"

அந்த அம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். துடைக்கத் தகுதியுள்ள ஒருவரும் அங்கே இல்லை. தன் கையால் துடைக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகு அந்தப் படிகளில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

வீட்டுச் சாவி அவளிடம்தான் இருந்தது. சமையல்காரம்மா ஒன்பதாவது மாடியில், பூட்டிய கதவுக்கு முன்னால், நாலு பைகளுக்கு நடுவில் காத்திருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கீழேயிருந்து இன்னொரு மூச்சு ஏறி வந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஏறியது. கைப்பிடிச் சுவரில் வளையல் உரசும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துச் செயலாளரின் மனைவி கடைசிப் படியில் தெரிந்தாள். முகம் சிவந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பேச வாயைத் திறந்து, பேச்சு வராமல் நின்றாள்.

சமையல்காரம்மா நகர்ந்து வழிவிட்டாள்.

"நாளைக்கு ஏறும்போது அஞ்சாவது மாடி ஜன்னல்கிட்ட கொஞ்சம் நின்னுட்டு வாங்கம்மா. அங்கதான் காத்து வரும்."