மாப்ளே என்று கூப்பிட ஒருவன்

கால்பந்துப் பயிற்சியின் நடுவே சத்தம் கேட்டுக் கோச் திரும்பியபோது, கேப்டன் தூண் அணியின் புது ஸ்ட்ரைக்கரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் ஆள் அசையவில்லை. ஒருவழியாகப் பிரித்து எடுத்தபோது, கீழே கிடந்தவனுக்கு உதடு கிழிந்து ரத்தம் சட்டைக்கு இறங்கியிருந்தது.

தூணுக்கு முப்பத்தேழு வயது. பதினாறு வருடமாகத் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் 'தூண்' என்று பெயர் வந்தது. அந்தப் பதினாறில் ஒன்பது வருடம் அவனுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர்தான் கோச். முழங்கால் போனதும் கைக்கு விசில் வந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் கோச். தூண் மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "என்னடா மாப்ளே" என்பான். கோச்சைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து, அவர் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, அவரை 'டா' போட மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான்.

வலைகளும் காற்றுப் போன பந்துகளும் அடைந்து கிடந்த பின்னறைக்கு அவனை அழைத்துப் போனார்.

"எதுக்குடா அடிச்ச?"

தூண் முட்டியில் ஒட்டியிருந்த புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் கோவம் வந்துச்சு" என்றான்.

பொய். ஒன்பது வருடம் தோளோடு தோள் நின்றவனின் பொய், கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். ஆனால் கதவுக்கு வெளியே இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இதைவிடச் சின்னத் தள்ளுமுள்ளுக்குப் போன மாதம் ஒருவனை வெளியே உட்கார வைத்தவர் அவர். ஆளுக்கொரு நியாயம் என்று பேச்சு வந்துவிட்டால், பிறகு யார் அவர் விசிலுக்கு நிற்பார்கள்? சனிக்கிழமைதான் தூணின் கடைசி ஆட்டம். அதைப் பார்க்க மாமனார்கூட ஊரிலிருந்து வருகிறார் என்று முந்தாநாள்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

"சனிக்கிழம நீ ஆடல," என்றார் கோச். "கேப்டன் பட்டையக் கழட்டிக் குடு."

தூண் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தை வரும் என்று அவர் காத்திருந்தார். வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பட்டையை உருவி மேஜைமேல் வைத்தான்.

"சரிங்க கோச்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, வீங்கிய உதட்டோடு ஸ்ட்ரைக்கர் வந்து நின்றான். தூண் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

"உங்களப் பத்தி, வீட்ல கத்துறதுக்கு ஆளில்ல, அதான் நம்மகிட்ட வந்து கத்துறாருன்னு சொன்னேன் கோச். சும்மா சிரிக்கிறதுக்குத்தான்."

கோச்சுக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொல்லியிருக்கிறான். அவனையும் ஒரு ஆட்டம் உட்காரச் சொல்லி அனுப்பினார். தூணைத் திரும்ப எடுக்கலாமா என்று அன்று முழுக்க மனம் கிடந்து அடித்துக்கொண்டது. எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எனக்காக அடித்தான், அதனால் விட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு முறை போனில் கூப்பிட்டார். இரண்டு முறையும் அவன் மனைவிதான் எடுத்தாள். "தூங்குறாருண்ணே" என்றாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு.

சனிக்கிழமை அணி ஒரு கோலில் தப்பித்து ஜெயித்தது. பையன்கள் கட்டிப்பிடித்துக் குதிக்க, கோச் தனியாகக் கோட்டோரம் நின்று கூட்டத்தைத் துழாவினார். தூண் வந்திருந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் யாரோ போல இருந்தான். மனைவியும் மாமனாரும் முன்னே நடக்க, சின்ன மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். கோச் கையைத் தூக்கினார். தூண் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தான். அவனது இரண்டு கைகளும் மகளின் கால்களைப் பிடித்திருந்தன. நடந்தது எதுவும் தெரியாமலே அந்தக் குழந்தை அவரைப் பார்த்துக் கையாட்டியது. வாசலில் கூட்டம் அவர்களை மறைத்த பிறகும், தோள்களுக்கு மேலே அந்தச் சின்னக் கை மட்டும் ஆடிக்கொண்டே போனது.