ஆஸா உட்கார்ந்த இடங்கள்

முகட்டுப் பாதையில் ஆஸா மறுபடியும் உட்கார்ந்தது.

"எழுந்திரும்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்று யொஷிமி கயிற்றைச் சுண்டினாள். நாய் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. யொஷிமிக்கும் முழங்கால் விண்விண் என்றது. மழைக்காலம் பிறந்ததிலிருந்து ஷீ மரக்காட்டில் இலை உதிர்ந்து ஊறிய தரை, வைத்த காலை விடமாட்டேன் என்கிறது.

அமாமித் தீவில் பாம்பைத் தின்னட்டும் என்று யாரோ கொண்டுவந்துவிட்ட கீரி, பாம்பை விட்டுவிட்டுக் கறுப்பு முயலைத் தின்றது. அதைப் பிடித்து ஒழிக்கத்தான் யொஷிமியின் பாதி ஆயுள் போயிற்று. இந்தச் சுற்றிலும் ஒரு தடயமும் கிடைக்காவிட்டால், தீவில் கீரி இல்லை என்று அறிவித்துவிடலாம். மற்ற முகடுகள் முடிந்தன. இது கடைசி.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றான் பின்னால் வந்த மோரி, கீரிக் குழுவில் அவளுக்கு இளையவன். "இப்ப அது கால் வலிக்கு உட்கார்ந்துச்சா, வாசனைக்கு உட்கார்ந்துச்சா?"

"கால்தான்டா. கொஞ்ச நாளா இப்படித்தான். உனக்கு இடுப்பு பிடிச்சா நீ உட்காரலியா?"

"நான் உட்கார்ந்தா சோம்பேறின்னு அர்த்தம். ஆஸா உட்கார்ந்தா கீரின்னுதானே அர்த்தம்? அப்படித்தானே பழக்கியிருக்கீங்க?"

யொஷிமி நின்றுவிட்டாள். பிறகு நாய் உட்கார்ந்த மரத்தடிக்குத் திரும்பிப் போய், மண்டியிட்டு இலைகளைக் கையால் விலக்கினாள். எச்சம் இல்லை, கால்தடம் இல்லை. இருந்திருந்தாலும் நேற்றைய மழை கழுவியிருக்கும். நாயின் மூக்குக்கு மட்டும் எட்டுகிற மிச்சத்தை மனிதக் கண் எங்கே காணும்?

மழை தொடங்கியதிலிருந்து எத்தனை இடத்தில் அது உட்கார்ந்தது? அத்தனை இடத்திலும் அவள் எழுப்பி இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்த்து மோரி பதறினான். "சும்மா கேட்டேன்க்கா. நான் வாயே திறக்கலைன்னு வெச்சுக்குங்க. எனக்கும் வீடு இருக்கு, போகணும்."

கேட்காத மாதிரி இருந்துவிடலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது? இன்னொரு சுற்று இந்தச் சரிவில் ஏற அவளுக்கும் தெம்பில்லை. ஆனால் ஒரே ஒரு சினைக் கீரி மிஞ்சியிருந்தால் போதும்.

வாக்கி-டாக்கியை எடுத்து நடந்ததைச் சொன்னாள். குழுத் தலைவர் நொபோரி கடைசிவரை கேட்டார்.

"இப்பவா சொல்லணும் யொஷிமி? வெள்ளிக்கிழமை விருந்துக்குப் பன்னிகூடச் சொல்லியாச்சு."

"பன்னி இன்னும் கொஞ்சநாள் உயிரோட இருக்கட்டும் அண்ணே."

"கிழட்டு நாய், கால் வலின்னு எழுதிட்டா போச்சு."

"எது வலி, எது வாசனைன்னு எனக்கே தெரியலையே. தெரிஞ்ச மாதிரி இழுத்ததுதான் தப்பு. ஆஸாவை நிறுத்திடறேன். வேற நாயோட எல்லா முகடும் திரும்ப நடக்கணும்."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "எல்லாமா?"

"மழை ஆரம்பிச்சதுக்கப்புறம் நான் நடந்தது எல்லாமே."

மோரி வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து அந்த மரத்தில் கட்டினான்.

"முன்னாடி எங்கெங்க உட்கார்ந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லடா" என்றாள் யொஷிமி. நாயைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்த வழியே இறங்கினாள். ஈரத்தில் நாய் கனத்தது.